டிக்கெட்டில் மூன்று மணி, வீடு சேர எட்டு மணி: டெல்லியிலிருந்து சென்னைக்கு முதல்முறை பறப்பவர்களுக்கு

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை. டெல்லி விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினலான டி3 வாசலில் நின்றிருந்த காவலரிடம் ஃபோனை நீட்டினேன். அவர் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "டர்மினல் ஏக்" என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். டி1-க்கு டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த விமானத்துக்கு முதல் டிக்கெட்டைப்போல இரண்டரை மடங்கு கொடுத்தேன். திருக்கடையூர் போய்ச் சேரும்போது விடிகாலை மூன்று மணி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, மோர் மட்டும் கரைத்துக் கொடுத்தார்.

அன்று நான் போட்டிருந்த கணக்கு இதுதான்: 1,760 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. இரண்டு எண்களும் சரி, கணக்குதான் தப்பு. டெல்லிக்குப் புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ வந்து முதல்முறை ஊருக்குப் பறக்கப்போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

1. தூரத்தையும் நேரத்தையும் முதலில் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் டெல்லி–சென்னை விமான தூரம் என்று தேடினால் வருவது ஏறக்குறைய 1,760 கிலோமீட்டர். இது உருண்டையான பூமியின்மேல் இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே நூல் பிடித்த தூரம். நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போபால், நாக்பூர், விஜயவாடா என்று சுற்றிக்கொண்டு 2,180 கிலோமீட்டர் போகிறது, 33 மணி நேரம் ஆகிறது. விமானமும் நூல்மேல் போவதில்லை. வகுத்துவைத்த வான்வழிகளில்தான் போகும், இறங்க இடம் கிடைக்காவிட்டால் வட்டமும் அடிக்கும். அதனால் உண்மையில் பறக்கிற தூரம் கொஞ்சம் கூடுதல்.

நடுவானில் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர்வாக்கில் இருக்கும். வகுத்தால் இரண்டு மணி சொச்சம்தான் வருகிறது. டிக்கெட்டில் ஏன் 2 மணி 45 நிமிடம், 2 மணி 55 நிமிடம் என்று போடுகிறார்கள்? அது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. ஆள் ஏற்றும் கேட்டிலிருந்து விமானம் நகர்ந்த நொடியில் தொடங்கி, சென்னையில் நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம். டெல்லியில் ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகவே சில நாள் இருபது நிமிடம் ஆகும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் முன்னால் வரிசைகட்டி நிற்கும் வால்களை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

என் வீடு மயூர் விஹார் ஃபேஸ் ஒன்று. அங்கிருந்து சென்னையில் அத்தை வீடுவரை நான் இப்போது போடும் கணக்கு:

வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி 15 நிமிடம்.
புறப்பாட்டுக்கு முன் அங்கே இருக்க வேண்டியது 2 மணி.
டிக்கெட்டில் உள்ளது 2 மணி 50 நிமிடம்.
இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 40 நிமிடம்.
அங்கிருந்து வீடு 1 மணி.

மொத்தம் 7 மணி 45 நிமிடம். சென்னையில் மாலை ஐந்து மணிக்கு ஒரு வேலை இருக்கிறதென்றால் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் டெல்லி வீட்டைப் பூட்டியிருக்க வேண்டும்.

2. டிக்கெட் போடும்போது: பெயர், நிறுத்தம், நள்ளிரவு

பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது. நமக்கு இருப்பது இனிஷியல், படிவம் கேட்பதோ கடைசிப் பெயர். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதை ஒட்டியே போடுங்கள். ஆதாரில் இனிஷியல் ஓர் எழுத்தாக மட்டும் இருந்து, படிவம் ஓரெழுத்தை ஏற்கவில்லை என்றால் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக முழுதாகப் போடலாம், நான் அப்படித்தான் போடுகிறேன். கூப்பிடு பெயர், சுருக்கப் பெயர் வேண்டாம். எழுத்துப்பிழை தெரிந்தால் அன்றைக்கே வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள், பயண நாளன்று வாசலில் நின்று கெஞ்சுவதைவிட அது எளிது.

அப்பா பெயர் போடுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்னொரு பயணத்தில் கேட் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஊழியர் ஒருவர் ஒரு பெயரைக் கூவிக்கொண்டே இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார். யாரோ பெரியவரைத் தேடுகிறார்கள் போல என்று நினைத்தேன். மூன்றாவது முறைதான் உறைத்தது, அது என் அப்பா பெயர்.

'டைரக்ட்' என்பதும் 'நான்-ஸ்டாப்' என்பதும் ஒன்றல்ல. டைரக்ட் விமானம் வழியில் ஓர் ஊரில் இறங்கி, ஆள் ஏற்றி, அதே எண்ணோடு மறுபடி கிளம்பலாம். நான்-ஸ்டாப் என்று வடிகட்டித் தேடுங்கள். ஹைதராபாத்தோ பெங்களூரோ வழியாக மாறிப் போகிற டிக்கெட் சில நூறு ரூபாய் குறைவாக இருக்கும், ஐந்து முதல் எட்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். மதுரையோ திருச்சியோ போகிறவர்கள் இரண்டு தனித்தனி டிக்கெட்டாகச் சென்னை வழி போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரே பி.என்.ஆரில் போட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு.

அப்புறம் நள்ளிரவு. 14-ஆம் தேதி 12.30 என்று அதிகாலைக் கணக்கில் போட்டிருந்தால், 13-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் 14-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றான்.

விலை: மூன்று வாரம் முன்னால் போட்டால் எனக்கு ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குள் கிடைத்திருக்கிறது. பொங்கல், தீபாவளி வாரத்தில் அதுவே இரட்டிப்பு, சில சமயம் மூன்று மடங்கு. பணம் கட்டும் கடைசித் திரையில் காப்பீடு, இருக்கை, சாப்பாடு என்று தானாகச் சேர்ந்திருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

3. எந்த மாதம், எந்த மணி

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் அதிகாலை விமானம் வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். டெல்லியில் அடர்ந்த பனிமூட்டத்திலும் இறங்கும் வசதி இருக்கிறது, பயிற்சி பெற்ற விமானியும் தகுதியான விமானமும் இருந்தால் ஓடுபாதையில் 50 மீட்டர் பார்வை தெரிந்தாலே இறங்கிவிடலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டராவது வேண்டும். இதனால்தான் வருகிற விமானம் வந்துகொண்டிருக்கும், நம்முடையது மட்டும் நகராமல் நிற்கும். விமானத்துக்குள் ஏற்றி உட்காரவைத்த பிறகும் நிற்கும்.

பனிமாதங்களில் பகல் 1 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே கிளம்புவதைப் பாருங்கள். பதினோரு மணி ஏன் சொல்லவில்லை என்றால், குடியரசு தினத்துக்கும் அதன் ஒத்திகைக்கும் ஜனவரி 26-ஐ ஒட்டிய வாரத்தில் காலையில் சில மணி நேரம் டெல்லி வானத்தை மூடிவிடுகிறார்கள். 2024-லும் 2025-லும் ஜனவரி 19 முதல் 26 வரை 10.20-லிருந்து 12.45 வரை மூடினார்கள். அந்த வாரத்தில் பாதுகாப்புச் சோதனையும் கூடும், விமானத்தில் ஏறுமுன் இன்னொரு முறை தடவிப் பார்ப்பார்கள். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் சரியாக இதில்தான் வந்து விழுகிறார்கள்.

மத்தியானத்தில் ஒரு சின்ன ஆபத்தும் உண்டு. ஒரே விமானம் காலையிலிருந்து நாலு ஊர் சுற்றும். காலையில் எங்கேயோ மூன்று மணி நேரம் தங்கிவிட்டால் அந்தத் தாமதம் உங்கள்வரை வரும். முந்தைய ஓட்டத்தில் அந்த விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானத் தடச் செயலிகளில் இலவசமாகவே பார்க்கலாம். வீட்டிலிருந்து கிளம்புமுன் நான் பார்க்கும் முதல் விஷயம் அது.

சென்னைப் பக்கம் தொல்லை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதங்களில் கல்யாணம் காதுகுத்து என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதம்

பெரியவர்களுக்குப் புகைப்படத்துடன் அரசு அடையாள அட்டை ஒன்று: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், எதுவானாலும் சரி. ஃபோனில் எம்-ஆதார் செல்லும். ஆதார் அட்டையின் ஃபோட்டோவை கேலரியிலிருந்து காட்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். பெற்றோரோடு வரும் குழந்தைக்குத் தனி அட்டை தேவையில்லை. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே என்று சலுகைக் கட்டணத்தில் போட்டிருந்தால் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜியாத்ரா செயலி டெல்லியில் 2022 டிசம்பர் முதல் இருக்கிறது. முகத்தைக் காட்டி உள்ளே போய்விடலாம், காலை நேரத்தில் இருபது நிமிட வரிசையை அது மிச்சப்படுத்துகிறது. பதிவை முந்தின நாளே வீட்டில் முடியுங்கள், வாசலில் நின்று ஓ.டி.பி. வரவில்லையே என்று தவிக்கிற ஆட்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். விமானத்தில் ஏறுவதற்கான சீட்டான போர்டிங் பாஸை அதில் ஏற்றினால்தான் கதவு திறக்கும். செயலி இருக்கிறதே என்று அட்டையை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

5. பெட்டி

உள்நாட்டு எகானமியில் பொதுவாக, கவுண்டரில் கொடுத்துக் கீழே போகும் பெட்டி 15 கிலோ, கைப்பெட்டி 7 கிலோ. கைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ. தாண்டக்கூடாது. வீட்டில் எடை பாருங்கள். கவுண்டரில் கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் பல நூறு ரூபாய் வாங்குவார்கள், இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் குறையும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. கீழே போகும் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்க உங்களைத் தேடுவார்கள். திரும்பி வரும்போது நம்மவர்களுக்கே உரிய பிரச்சினை இரண்டு: கொப்பரைத் தேங்காய்க்கு அனுமதி இல்லை, எண்ணெய்ச் சத்து எளிதில் தீப்பிடிக்கும் என்பதால். மிளகாய்ப் பொடி கைப்பையில் கூடாது, ஆகவே இட்லிப் பொடியைக் கீழே போகும் பெட்டியில் வையுங்கள். அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய்க்கும் அதே இடம்தான், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு.

6. டெர்மினல்: இங்கேதான் நான் விழுந்தேன்

டெல்லியில் டி1, டி2, டி3 என மூன்று. டி2-வும் டி3-வும் பக்கம் பக்கம், நடந்தே போகலாம். டி1 தனியாக இருக்கிறது, உள்ளே வழி கிடையாது, சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம், இருந்தால் கடவுள் விட்ட வழி. ஒரே நிறுவனத்தின் சென்னை விமானங்களே வெவ்வேறு டெர்மினலிலிருந்து கிளம்பும், "போன தடவை டி3-ல்தானே ஏறினேன்" என்பது எனக்கு உதவாததற்குக் காரணம் அதுதான். டிக்கெட் போட்ட பிறகும் மாறலாம். 2024 ஜூன் 28-ல் டி1 முகப்புக் கூரை இடிந்தபோது அங்கிருந்த விமானங்களை மற்ற இரண்டுக்கும் மாற்றினார்கள். 2025-ல் டி2-வைப் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடினார்கள். நம்ப வேண்டியது வெப் செக்-இன் (இணையத்திலேயே வருகையைப் பதிவது) செய்த பிறகு வரும் போர்டிங் பாஸை. கிளம்புகிற காலையில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

மெட்ரோவும் வெவ்வேறு. டி1-க்கு மெஜந்தா லைன், நிலையத்தின் பெயரிலேயே டெர்மினல் 1 என்று இருக்கும். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், முனிர்கா, வசந்த் விஹார், சங்கர் விஹார், அடுத்தது டி1. டி2, டி3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். புதுடெல்லி ரயில் நிலையத்தின் அஜ்மேரி கேட் பக்கமிருந்து இருபது நிமிடம், டிக்கெட் 70 ரூபாய்க்குள். கரோல் பாக்கிலிருந்து வருகிறவர்கள் ராஜீவ் சவுக்கில் மஞ்சள் லைனுக்கு மாறிப் புதுடெல்லி வந்து பிடிக்கலாம்.

மயூர் விஹார்க்காரர்கள் பலர் ராஜீவ் சவுக் வழியாகவே போகிறார்கள். காலையில் அந்தக் கூட்டத்தில் பெட்டியோடு மாறுவது தண்டனை. நான் பிங்க் லைனில் ஏறி துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸில் இறங்கி, அங்கிருந்து நகரும் நடைபாதை வைத்த பாலம் வழியாக தௌலா குவான் போய் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பிடிக்கிறேன். பாலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்களோடு போனால் இது வேண்டாம், டாக்ஸியே சரி.

அதிகாலை நாலரை மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டுமென்றால் மெட்ரோ ஓடாது. டாக்ஸியை முந்தின ராத்திரியே பதிவு செய்துவிட்டு, ஓட்டுநரிடம் டெர்மினல் எண்ணை வாயால் சொல்லுங்கள்.

7. உள்ளே போன பிறகு

வெப் செக்-இன் பொதுவாக 48 மணி நேரம் முன்பு திறக்கும். இருக்கை வரைபடத்தில் எல்லாமே காசுக்கு என்பதுபோலக் காட்டும். எதையும் தொடாமல் தாண்டிப் போகும் பொத்தான் கீழே ஓரத்தில் சின்னதாக இருக்கும், அதை அழுத்தினால் ஏதோ ஓர் இருக்கை இலவசமாகக் கிடைக்கும்.

மனதில் வைக்க வேண்டியது இரண்டு கடிகாரம். பெட்டி போடும் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடும். கேட் 25 நிமிடம் முன்பு மூடும். டிக்கெட்டில் உங்கள் நிறுவனம் போட்டிருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 10.00 மணி விமானம் என்றால் 9.35-க்குக் கதவு மூடிவிடும். பொது அறிவிப்பை எதிர்பார்த்து உட்காராதீர்கள், திரையைப் பாருங்கள், கேட் மாறுவது சகஜம். டி3-ல் கடைசிக் கேட்டுகளுக்குப் பதினைந்து நிமிடம் நடை உண்டு.

8. தாமதமானால், தவறவிட்டால்

இங்கேதான் அந்த 2 மணி 50 நிமிடம் மறுபடி வேலைக்கு வருகிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி, அட்டவணை நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும். இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதம் ஆக வேண்டும். மும்பையிலிருந்து சென்னை போகிறவர் முதல் வகை, நாம் இரண்டாவது. ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். பனி, புயல் என்றால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீங்களே தவறவிட்டால் அடிப்படைக் கட்டணம் போனதுதான். ஆனால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும், பறக்காதவரிடம் அதை வைத்துக்கொள்ளக்கூடாது. யாரும் தானாகத் தர மாட்டார்கள். எழுதிக் கேளுங்கள். எனக்கு எட்டு நூற்றுச் சொச்சம் வந்தது, இரண்டு மின்னஞ்சலுக்குப் பிறகு.

9. சென்னையில் இறங்கி

நகரத்துக்குள் போகிறவர்களுக்கு வாசலிலேயே மெட்ரோ. நீல லைன் சென்ட்ரல் தாண்டி விம்கோ நகர் வரை போகிறது.

தெற்கே போகிறவர்கள் எழும்பூருக்கும் கோயம்பேட்டுக்கும் ஓடாதீர்கள். விமான நிலையத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் கால் மணி நேரம்தான், டிக்கெட் டீக் காசு. மதுரை, நெல்லை, கன்னியாகுமரி ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. முன்பதிவிலேயே ஏறும் இடம் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள், எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால் இருக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கலாம். பேருந்து என்றால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம், அதுவும் தெற்கே அதே சாலையில்தான். விமானம் இறங்கும் நேரத்துக்கும் இரவு ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

திரிசூலத்துக்குப் போகச் சுரங்கப்பாதை இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையைப் பெட்டியோடு குறுக்கே கடக்க முயலாதீர்கள்.